ஒத்தை ஃபேஸ்

கஜா புயல் கரையைக் கடந்த பன்னிரண்டாம் நாள் ராத்திரி எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. முழுத் தெருவுக்கும் இல்லை. சுமாராக மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு மட்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் ஏறிய புயல், எங்கள் தெருவில் இருந்த தென்னை, பலா, முருங்கை எல்லாவற்றையும் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது. மின்கம்பங்கள் பாதியில் ஒடிந்து, உள்ளிருக்கும் கம்பி தெரியத் தொங்கின. நான் சென்னையிலிருந்து நாலாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். கையில் மெழுகுவத்தி, கொசுவத்தி, தண்ணீர் கேன், இரண்டு பவர் பேங்க். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கரண்டு கெடக்கட்டும், குடிக்கத் தண்ணி கொண்டாந்தியா?" என்பதுதான் முதல் கேள்வி.

பன்னிரண்டாம் நாள் ஏழரை மணி வாக்கில் "கரண்ட் வந்துருச்சு" என்று தெருமுனையில் பிள்ளைகள் கத்தினார்கள். எங்கள் வீட்டு அடுப்படியில் டியூப்லைட் நாலு தடவை கண் சிமிட்டி எரிந்தது. கூடம் இருட்டு. மாடி இருட்டு. வாசலுக்கு வந்து பார்த்தால் எதிர்வீட்டில் இல்லை, அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது, அதற்கும் அடுத்ததில் இல்லை. யாரோ வேண்டுமென்றே வீடு வீடாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

அன்று ராத்திரி நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இருந்து அடுத்த வீட்டுக்கு ஏன் இல்லாமல் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது ஒரு நூற்றாண்டைத் தாண்டிய கதை.

*

1891இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு மின்தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. நெக்கர் ஆற்றங்கரையில் லாஃபன் என்னும் ஊரில் ஆற்றுநீரின் விசையால் மின்சாரம் எடுத்து, 175 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, கண்காட்சித் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மிகயீல் டொலிவோ டோப்ரோவோல்ஸ்கி, ரஷ்யாவில் பிறந்து ஜெர்மன் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அங்கே வந்துசேர்ந்த மின்சாரம் இரண்டு வேலை செய்து காட்டியது. சுமார் ஆயிரம் பல்புகளை எரித்தது. ஒரு மோட்டாரை ஓட்டி, பம்பு வழியாகத் தண்ணீரை மேலே ஏற்றி, ஒரு செயற்கை அருவியைக் கொட்ட வைத்தது.

விளக்கும் தண்ணீரும். நம் ஊர்ப்பக்கம் மின்சாரத்தின் வரலாறே இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும்.

அந்தக் கம்பியில் போனதுதான் மூன்று ஃபேஸ் மின்சாரம், நாம் மும்முனை என்று சொல்வது. மூன்று கம்பிகளில் மின்சாரம் ஒரே சமயத்தில் உச்சிக்குப் போகாது. ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து ஏறி இறங்கும், மூன்று பேர் முறை மாற்றி உலக்கை போடுகிற மாதிரி. மோட்டாருக்கு இது ரொம்பத் தோது. விசை விட்டு விட்டு வராமல் சீராகச் சுற்றும். கம்பிச் செலவும் மிச்சம். விளக்குக்கு மூன்றும் தேவையில்லை, மூன்றில் ஏதாவது ஒன்றும் நியூட்ரல் என்கிற திரும்பும் கம்பியும் போதும்.

இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் நம் தெருக்கம்பத்தில் இருக்கிறது. நான்கு கம்பிகள்: ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். தெருவிளக்குக்குத் தனிக்கம்பி இருந்தால் ஐந்து. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் 400 வோல்ட் அளவு. சுமை ஒரே கம்பியில் குவியாமல் இருக்க, முதல் வீட்டுக்கு ஆர், இரண்டாம் வீட்டுக்கு ஒய், மூன்றாவதற்கு பி என்று பிரித்துக் கொடுப்பார்கள். மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்தால் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு இருட்டாகிறது. இரண்டு அறுந்தால் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் விளக்கு எரியும். அந்த ராத்திரி யாரும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கவில்லை, எப்போதோ கணக்குப் பார்த்துப் பிரித்ததைக் காற்று வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவுதான்.

பெரிய வீடுகளின் கதை வேறு. ஏசி, மோட்டார், கிரைண்டர் என்று சுமை கூடும்போது ஒரு ஃபேஸ் தாங்காது, மூன்று ஃபேஸும் உள்ளே வரும். கூடம் ஒன்றில், மாடி ஒன்றில், அடுப்படி ஒன்றில். அதனால்தான் எங்கள் வீட்டுக்குள்ளேயே பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இந்த வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும், ஃபேஸ் சேஞ்சர். ஒரு ஃபேஸ் போய்விட்டால் திருகி இன்னொன்றில் வைத்துக்கொள்ளலாம். ஒற்றை ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் திருகுவதற்கு எதுவும் கிடையாது. அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

*

மெட்ராஸில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதற்கான மின்கம்பியைத் தண்டவாளத்துக்கு நடுவே, தரைக்கடியில் பள்ளம் வெட்டிப் பதித்திருந்தார்கள். மெட்ராஸ் மழை அதை விட்டுவைக்கவில்லை. தண்ணீர் புகுந்து புகுந்து கெட்டுப்போக, கம்பியைத் தூக்கித் தலைக்கு மேலே கட்டினார்கள். மழைக்குப் பயந்து மேலே போனது, காற்றுக்கு அகப்பட்டது. இன்று கடலோர ஊர்களில் கம்பியை மறுபடி மண்ணுக்கடியில் புதைக்கும் திட்டங்கள் நடக்கின்றன. புதைத்த இடத்திலும் வெள்ளம் வந்தால் தெருவோரத்து பில்லர் பாக்ஸ் முழுகும், ஆபத்து என்று சப்ளையை நிறுத்துவார்கள். 2015லும் 2023லும் சென்னைக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். இந்த 120 வருஷ இழுபறியில் காற்றும் மழையும் மாறி மாறி ஜெயிக்கின்றன.

நகரத்தைத் தாண்டி மின்சாரம் பெரிய அளவில் போனது 1930களில். 1932இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது, கோயம்புத்தூர் மில்கள் அதில் வளர்ந்தன. மேட்டூரில் 1934இல் அணை முடிந்து, 1937இல் மின் உற்பத்தி தொடங்கியது. 1957 ஜூலை 1ஆம் தேதி மாநில மின்சார வாரியம் உருவானது. அதற்குப் பின்வந்த வருஷங்களில் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதிலும் பம்புசெட்டுக்கு இணைப்புக் கொடுப்பதிலும் நம் மாநிலம் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது. இது உண்மையிலேயே பெரிய சாதனை. ஏற்றம் இறைத்த தோள்களுக்கு அது எப்படிப்பட்ட விடுதலை என்று நமக்குச் சொல்லிப் புரியாது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மின்சாரம் போகவில்லை. வயலுக்கு மூன்று ஃபேஸ். பெரிய வீட்டுக்கு மூன்று ஃபேஸ். சாதாரண வீட்டுக்கு ஒன்று. குடிசைக்கு 'ஒரு விளக்கு' இணைப்பு, பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நாம் புயலுக்குப் பிறகு அனுபவிக்கிற அரைகுறைக் கரண்ட், கிராமத்தில் புயல் இல்லாத நாளிலும் உண்டு. பம்புசெட்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்காது என்பதால், நாளில் சில மணி நேரம் மட்டும் மும்முனை கொடுத்துவிட்டு, மீதி நேரம் இருமுனை மட்டும் விடுவார்கள். விளக்கு எரியும், மோட்டார் ஓடாது என்பது கணக்கு. விவசாயிகள் சும்மா இருப்பார்களா? கன்டென்சர் மாட்டி இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டினார்கள். ஓடும், சூடேறும், சில சமயம் காயில் எரிந்துபோகும். எங்கள் பெரியப்பா அப்படி இரண்டு மோட்டாருக்குக் காயில் கட்டியவர். ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டார் உறுமும் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடுவார். வீட்டுக்குள் ஃபேஸ் போனால் நமக்கு அதிசயம். அவருக்கு அது கிழமை மாதிரி, வரும் போகும்.

*

அப்பாயிக்குப் புயல்தான் காலண்டர். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலின்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. 1977 நவம்பர் புயலின்போது அவர் நாலு பிள்ளைக்குத் தாய். கஜா மூன்றாவது.

நான் வந்த பிறகு கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். 1952இல் எப்படிச் சமாளிச்சீங்க?

"எதைச் சமாளிக்கிறது? கூரை போச்சு. மாடு செத்துச்சு. வெளக்கு வெளக்காத்தான் இருந்துச்சு. கெணத்துல தண்ணி கெடந்துச்சு, வாளியப் போட்டா வந்துச்சு."

1977?

"கூடத்துல ஒரு பல்பு. அது இல்லன்னா அரிக்கேன் வெளக்கு. கரண்டு எப்ப வந்துச்சுன்னே நெனப்பு இல்ல. வயக்காட்டு மோட்டாருக்குத்தான் ஒங்க தாத்தா தவிச்சுப்போனாரு."

2018இல் எங்கள் வீட்டுக் கிணறு மூடி இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்த இடத்தில்தான் பைக் நிறுத்துகிறோம். போர் போட்டு, மோட்டார் இறக்கி, மாடியில் டேங்க். தெருமுனைக் கைப்பம்பு கைப்பிடி இல்லாமல் நின்றது. ஊராட்சித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் மோட்டார்தான். கரண்ட் போனதும் வெளிச்சத்தோடு தண்ணீரும் போனது. செல்போன் போனது, டவரும் போனது. கக்கூசுக்கு ஊற்றக் குடம் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனோம். குளத்தில் விழுந்து கிடந்த மரங்களின் இலை அழுகிய நாற்றம்.

மூன்று புயலையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. காற்றின் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அது அறுத்துவிட்டுப் போகிற கம்பியில் நாம் எத்தனை விஷயத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது. 1952இல் எதுவும் தொங்கவில்லை. 1977இல் ஒரு பல்பு. 2018இல் ஒரு வீட்டின் தண்ணீர், சமையல், பேச்சு, மருந்து எல்லாம்.

*

மருந்து என்று சொன்னேன். இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அந்த அக்காவின் பையனுக்கு ஏழு வயது, மழைக்காலம் வந்தால் மூச்சிரைப்பு. புயலுக்குப் பிறகு ஈரம், புகை, அழுகிய இலை. பையனுக்கு நெபுலைசர் வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத பன்னிரண்டு நாளும், ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கடைக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து வந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி வந்த ஒத்தை ஃபேஸ் அவர்கள் வீட்டு ஃபேஸ். பன்னிரண்டு நாளில் முதல்முறையாகச் சொந்த வீட்டில் மெஷினை வைத்தார்கள்.

இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடியில் டேங்க் காலி, அடுப்படியில் கரண்ட் இருக்கிறது, சுவரில் திருகு இருக்கிறது. கூடத்தை அதில் திருகினேன். மாடியைத் திருகினேன். ஃபிரிட்ஜ் உறுமியது, சந்தோஷமாக இருந்தது. பிறகு மோட்டார் சுவிட்சைப் போட்டேன்.

1 ஹெச்பி மோட்டார் என்றால் 746 வாட். ஆனால் கிளம்புகிற நொடியில் அது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். தெருவில் எங்களைப்போல மூன்று ஃபேஸ் வீடுகள் ஆறு. ஆறு வீட்டிலும் அதே பன்னிரண்டு நாள் தாகம், அதே திருகு, அதே யோசனை. மூன்று கம்பி சுமக்க வேண்டியதை ஒரே கம்பியின் தலையில் வைத்தோம். டிரான்ஸ்ஃபார்மரில் 'டப்' என்று ஒரு சத்தம். தெரு மொத்தமும் இருட்டு.

கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு தட்டும் சத்தம். பின்வீட்டு அண்ணன், கையில் டார்ச். கோபமாக எல்லாம் இல்லை.

"தம்பி, ஒங்க வீட்ல மோட்டார் போட்டீங்களா?"

"ஆமாண்ணே."

"புள்ளைக்கு மெஷின் வெச்சிருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பையனைத் தூக்கி பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அவரும் அக்காவும் அந்தக் கடைக்குப் போனார்கள், மரம் வெட்டி ஒதுக்கிய ரோட்டில், இருட்டில். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். பையன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் திண்ணையில்தான் இருந்தேன். அப்பாயி ஒரு வார்த்தை பேசவில்லை.

*

மறுநாள் காலையில் லைன்மேன்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றை நட்டு நிறுத்த மாநிலம் முழுவதிலிருந்தும், கேரளாவிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். வண்டி போகாத வயல்களில் சேற்றில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெருவில் ஒருவர் யோசனை சொன்னார்: "ஃபியூஸ் கட்டையில நாலு இழை முறுக்கிப் போட்டு விடுங்க, போகாது."

மூத்த லைன்மேன் சிரித்தார். "கட்டை போவலன்னா டிரான்ஸ்ஃபார்மர் போவும் அண்ணாச்சி. அதுக்கு நான் எங்க போவேன்?" பிறகு மெதுவாகச் சொன்னார், மற்ற இரண்டு கம்பியும் கோயில் பக்கம் விழுந்த புளியமரத்துக்கு அடியில் கிடக்கின்றன, எடுத்துக்கட்ட இன்னும் நாலைந்து நாள் ஆகும், அதுவரை இந்த ஒன்றுதான்.

அவர் அன்று சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு ஃபேஸ் வீடுகள் அடியோடு இருட்டாகி மற்றவை நன்றாக எரிந்தால், பெரும்பாலும் கோளாறு டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், கட்டையோ கம்பியோ போயிருக்கும். மூன்றில் ஒரு பங்கு வீடு நன்றாக எரிந்து, மீதி எல்லாம் மங்கலாக, பாதி வோல்டேஜில் அழுதால், அந்தப் பக்கம் 11 கேவி லைனில் ஒரு கம்பி போயிருக்கும். அப்போது ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும், பாதி வோல்டேஜ் அவற்றைக் கொன்றுவிடும். சில விளக்கு மங்கி, சில விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் போயிருக்கலாம். அதுதான் பயப்பட வேண்டியது. 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். அந்த நொடியே மெயினை இறக்கிவிட வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெயினைப் பிரிக்காமல் வீட்டு லைனில் சொருகினால், அந்தக் கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகும். லைன்மேன்கள் அதை 'ரிட்டர்ன் சப்ளை' என்பார்கள். லைன் செத்துவிட்டது என்று நம்பி மேலே ஏறிய ஆளுக்கு அதுதான் எமன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "மாத்துற திருகு எத்தன வீட்ல இருக்கு?"

ஆறு வீட்டுக்காரர்களும் கை தூக்கினோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

அன்று மத்தியானம் அப்பாயி திண்ணையிலிருந்தே பஞ்சாயத்தை முடித்தார். ராத்திரியில் யார் வீட்டிலும் மோட்டார் கிடையாது. பகலில் ஒரு நேரத்துக்கு ஒரு வீடு, அரை மணி. மோட்டார் போடும் வீடு, மோட்டார் இல்லாத நாலு வீட்டுக்குக் குடம் நிரப்ப வேண்டும். பெரிய வீடுகளில் ராத்திரி ஒரு விளக்கு, ஒரு ஃபேன், செல் சார்ஜ். ஃபிரிட்ஜ் வேண்டாம். "என்னத்த வெச்சிருக்கீங்க அதுல, பன்னெண்டு நாளு மாவா?" என்றார். யார் வீடு எந்த மணி என்று எங்கள் வாசல் சுவரில் கரியால் எழுதியது நான்தான். கட்டை அதற்குப் பிறகு போகவில்லை.

பதினேழாம் நாள் மற்ற இரண்டு ஃபேஸும் வந்தன. அன்று யாரும் கத்தவில்லை. ஆறு வீட்டிலும் திருகைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து தெருவில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தோம்.

சுவரில் எழுதிய கரி, அடுத்த வருஷப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை இருந்தது. கைப்பம்புக்கு ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கைப்பிடி மாட்டினோம். பின்வீட்டுப் பையன் இப்போது எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டான். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது என்று அக்கா சொன்னார்.

நான் குடியிருக்கும் சென்னை வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் அதே திருகு உண்டு. ஒரு ஃபேஸ் போனால் கை தானாக அதற்குத்தான் போகிறது. தொடுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் ஒருமுறை வெளியே வந்து, யார் வீட்டில் எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று பார்த்துவிட்டுப் போகிறேன்.